படகு எஞ்சின் புகைக்கு ஓர் எக்செல் பதிவேடு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது தவிர இதனால் என் தொழிலுக்கு என்ன பயன்?" டோல்கேட், காசிமேடு பக்கம் இந்தக் கேள்வி படகு வைத்திருப்பவர்களிடமிருந்தும் வருகிறது. அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயன், எஞ்சினுக்கு ஓர் எக்செல் பதிவேடு. எஞ்சின் புகை கக்குகிறது, இழுவை இல்லை என்ற தொல்லை வரும்போது, கோளாறு எஞ்சினுக்கு உள்ளேயா, வெளியேயா என்று பிரித்துப் பார்க்க அது பெரிதும் உதவும்.

இது சின்ன விஷயம் அல்ல. காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள், சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வந்து போகும் பெரிய கப்பல்களின் ஊடே போக வேண்டும். அங்கே எஞ்சின் இழுக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. மறுபக்கம், காரணம் தெரியாமல் எஞ்சினைப் பிரித்துவிட்டால், செலவும் ஆகும். தொழிலுக்குப் போகாத நாட்களும் கூடும்.

முதலில் புகையைப் படியுங்கள்

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று தேவை. அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று! இந்தக் கணக்கு மனதில் இருந்தால் புகையின் நிறம் எளிதில் புரியும்.

கருப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம்; டர்போ இருக்கும் எஞ்சினில் காற்றுக் குழாய் கசியலாம்; நாசில் சரியாகத் தூவாமல் ஒழுக்கலாம். அல்லது எஞ்சின் மீது பாரம் கூடியிருக்கலாம். பாரம் கூடினால் வேகத்தைக் காப்பாற்ற கவர்னர் மேலும் மேலும் டீசலைத் தருகிறது. காற்று அதற்கு ஈடு கொடுக்காது.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு போன்றவை தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை: டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கலாம்.

புகையே இல்லை, ஆனால் இழுவை குறைவு: பெரும்பாலும் டீசல் போதுமான அளவு வரவில்லை. டீசல் பில்டர், டேங்கிலிருந்து வரும் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி இவற்றை முதலில் பாருங்கள்.

பதிவேட்டைத் தயாரிப்பது எப்படி?

எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். அது இலவசம். புதிய பக்கத்தைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை அடியுங்கள்:

1. தேதி
2. எஞ்சின் ஓடிய மணி
3. செலவான டீசல்
4. மணிக்கு டீசல்
5. முழு ஆக்சிலேட்டரில் ஆர்.பி.எம்.
6. 1500 ஆர்.பி.எம்.மில் படகின் வேகம்
7. சேர்த்த ஆயில்
8. தண்ணீரின் வெப்பம்
9. புகை நிறம்
10. செய்த வேலை

நான்காவது தலைப்பைக் கம்ப்யூட்டரே கணக்கிடட்டும். அந்தக் கட்டத்தில் சமக்குறி அடித்து, டீசல் கட்டத்தைக் கிளிக் செய்து, வகுத்தல் குறி அடித்து, மணி கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை வரும். பிறகு அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிசைகளுக்கும் அதே கணக்கு வந்துவிடும்.

இங்கே புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டீசல் கட்டத்தில் 120 என்று மட்டும் அடியுங்கள். "120 லிட்டர்" என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. கணக்குக் கட்டத்தில் பிழைச் செய்தி வரும். தேதியிலும் கவனம் தேவை. விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் 5/7 என்பதை மே 7 என்று எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் பகுதிக்குச் சென்று இந்தியா என மாற்றிவிடுங்கள்.

டீசல் செலவை அளக்க, ஒவ்வொரு முறையும் டேங்கை ஒரே குறிவரை நிரப்புங்கள். நிரம்பப் பிடித்த அளவுதான் செலவு. வேகத்தை ஜி.பி.எஸ். கருவியில் பாருங்கள். நீரோட்டம் கணக்கைக் கெடுக்கும் என்பதால், அமைதியான நீரில் போகும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை பார்த்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். ஐஸும் டீசலும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்கும்போது அளப்பது முக்கியம்.

எண்கள் சொல்லும் சேதி

ஐந்தாவது, ஆறாவது தலைப்புகள்தான் இதில் உயிர்நாடி. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஜூன் மாதம் 1500 ஆர்.பி.எம்.மில் 8 நாட் வேகம். முழு ஆக்சிலேட்டரில் 1800 ஆர்.பி.எம். டிசம்பரில் கருப்புப் புகையோடு முழு ஆர்.பி.எம். 1650 ஆகிவிட்டது. கோளாறு எங்கே?

1500இல் வேகம் இன்னும் 8 நாட் இருந்தால், படகின் அடிப்பாகமும் புரொப்பல்லரும் சரி. எஞ்சின் பக்கம் பாருங்கள்: ஏர் பில்டர், டர்போ குழாய், நாசில்.

1500இல் வேகம் 7 நாட் ஆகக் குறைந்து, மணிக்கு டீசலும் கூடியிருந்தால், முதல் சந்தேகம் எஞ்சினுக்கு வெளியே! அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கலாம். புரொப்பல்லர் இறக்கை வளைந்திருக்கலாம். எஞ்சினைப் பிரிக்கும் முன் அடியைச் சுரண்டிப் பார்ப்பதே நல்லது.

புரொப்பல்லரைச் சுற்றத் தேவையான சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். ஆர்.பி.எம். 10 சதவீதம் குறைந்தால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 27 சதவீதம் குறையும். எனவே கருப்புப் புகையோடு கரை திரும்ப வேண்டி வந்தால், ஆக்சிலேட்டரைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலே எஞ்சினுக்குப் பெரிய ஆறுதல்.

மாற்றம் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். தேதி, வேகம் இரண்டு பத்திகளையும் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் கொடுங்கள். கோடு மெல்ல மெல்ல இறங்கினால் பாசி, தேய்மானம், அடைப்பு என்று பொருள். திடீரென விழுந்தால், கூடவே அதிர்வும் இருந்தால், புரொப்பல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். டீசல் பிடித்த மறுநாளே இழுவை போனால், டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று பில்டரின் அடியில் வடித்துப் பாருங்கள். சேர்த்த ஆயிலின் அளவு மாதாமாதம் கூடுகிறது, நீலப் புகையும் தெரிகிறது என்றால் மெக்கானிக்கிடம் பேச வேண்டிய நேரம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை

கம்ப்யூட்டர் கோளாறு பார்ப்பவர் ராம், பவர் சப்ளை இரண்டையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது. எஞ்சினுக்கும் அதே விதிதான். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: ஏர் பில்டர், டீசல் பில்டர், அடிப்பாகம், பிறகு நாசில். ஒரு வேலை செய்து, ஒரு நடை போய் வந்து, எண்ணைப் பார்த்த பிறகே அடுத்தது. எதைச் செய்தாலும் பத்தாவது கட்டத்தில் எழுதுங்கள்.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் இந்தக் கணக்கு நடைமுறையில் உள்ளது. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் அதுவே. வேலை முடிந்து முதல் நாள் கடலில் எடுக்கும் எண்களை மஞ்சள் நிறமிட்டு வையுங்கள். ஆண்டு முழுவதும் ஒப்பிட அதுதான் அளவுகோல்.

சில எச்சரிக்கைகள்: எஞ்சினை நிறுத்தாமல் புரொப்பல்லர் பக்கம் யாரும் இறங்கக் கூடாது. நாசில் தூவும் டீசலுக்கு முன் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புகைக் குழாய் கசிந்தால் எஞ்சின் அறையில் நிற்க வேண்டாம். நச்சு வாயு மூச்சை அடைக்கும்.

பாய்மரப் படகில் இருக்கும் சிறிய டீசல் எஞ்சினுக்கும் இதே பதிவேடு பொருந்தும். 1500க்குப் பதில் அந்த எஞ்சின் வழக்கமாக ஓடும் ஆர்.பி.எம்.மை வைத்துக்கொள்ளுங்கள். கடலில் ஒரு நோட்டில் குறித்து, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். பைலை மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வைக்க மறவாதீர்கள்.