சாஃப்ட்னர் மாட்டியும் உப்புக்கறை போகலையா? மெஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி மூணாவது வால்வைப் பாருங்க!

வாட்டர் சாஃப்ட்னர் வாங்கி மாட்டியாச்சு. உப்பு மூட்டையும் தவறாம காலியாகிட்டே இருக்கு. ஆனாலும் ஷவர்ல வெள்ளை படியுது, சோப்பு நுரைக்க மாட்டேங்குது, ஹீட்டர் காயில்ல மறுபடியும் சுண்ணாம்பு கட்டுது. 'ரெசின் போயிடுச்சு, மாத்தணும்' என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தயாராகிவிடுகிறோம். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மெஷினுக்குப் பக்கத்தில், பைப்போடு பைப்பாக யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பைபாஸ் வால்வு!

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு உப்புத்தண்ணி புதுசு இல்லை. சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் மண்ணுக்குக் கீழே கடும்பாறை. பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரைத்தான் போர்வெல் மேலே கொண்டுவருகிறது. கல்லோடு வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த தண்ணீர் கால்சியம், மக்னீசியத்தைச் சும்மா விட்டுவிட்டு வருமா? இந்தியா முழுக்க போர் போடப் போகும் ரிக் வண்டிகள் கிளம்புவது இதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்துதான். ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் கொடுக்கிற மாவட்டத்துக்கு இப்படி ஒரு நிலைமை!

குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரின் அளவு என்ன என்பதை குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கண்டுபிடிங்க!

சாஃப்ட்னர் டேங்குக்குள் ரவை மாதிரி தேன் நிற மணிகள் இருக்கும். அதுதான் ரெசின். அது கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைத் தண்ணீரில் விடும். அதாவது, ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் டி.டி.எஸ். அளவு பெரிதாகக் குறையாது. டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 'மெஷின் வேலையே செய்யலை' என்று கம்பெனிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனையை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். மெஷினை விட்டு வெளியே வந்ததும் உள்ள சின்னக் குழாயில் ஒன்று. மோட்டார் ஓடும்போது ஓவர்ஹெட் டேங்கில் விழும் தண்ணீரில் இன்னொன்று. இரண்டுமே கடினமா? உப்பு தீர்ந்திருக்கலாம், ரெசின் பழசாகியிருக்கலாம், மெஷினின் சக்திக்கு மேல் மோட்டார் தண்ணீரைத் தள்ளலாம். முதலாவது மென்மையாக இருந்து, டேங்கில் விழுவது மட்டும் கடினமாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி பைபாஸ்தான். வால்வு முழுசாக மூடாமல், போர் தண்ணீர் கசிந்து நல்ல தண்ணீரோடு கலக்கிறது.

மூணு வால்வு கணக்கு

மெஷினுக்குள் போகும் பைப்பில் ஒரு வால்வு, வெளியே வரும் பைப்பில் ஒரு வால்வு, இந்த இரண்டு பைப்பையும் நேராக இணைக்கும் குறுக்குப் பைப்பில் மூன்றாவது. சாதாரண நாளில் முதல் இரண்டும் திறந்திருக்கும், மூன்றாவது மூடியிருக்கும். பைபாஸ் என்றால் அப்படியே தலைகீழ்.

புதுசாக மாட்டுபவர்கள் மெஷின் தலையில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்த பிறகே பைப்பை வெட்டச் சொல்லுங்கள். இடது, வலது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்லெட், அவுட்லெட்டை மாற்றிக் கொடுத்தால் ரெசின் மணிகள் குழாய் வழியாக வெளியேறக்கூடும். மெஷினின் இரண்டு பக்கமும் யூனியன் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு மெஷினைக் கழற்ற ஆக்ஸா பிளேடுதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சின்னக் குழாய், மெஷினுக்கும் இரண்டாவது வால்வுக்கும் நடுவில் வர வேண்டும். பல வீடுகளில் முதலில் வெட்டப்படும் செலவே இதுதான். ஒரு குழாயின் விலை என்ன பெருசா?

பிளாஸ்டிக் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கிவிட்டு அதற்கு மேல் கொஞ்சம் திருப்பினால் போதும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் மெஷின் தலை விரிசல் விடும். சொல்யூஷன் ஒட்டும் வேலையை மெஷினில் மாட்டுவதற்கு முன்பே தனியாக முடித்து, டின்னில் எழுதியிருக்கும் நேரம் காயவிட வேண்டும். பைப்பின் கனம் மெஷின் மேல் விழாதபடி சுவரில் கிளாம்ப் அடியுங்கள். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் மேலே ஒரு ஷீட்டாவது போடுங்கள். நம்ம ஊர் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கிப்போகும்.

வரிசை மாறினால் வம்பு

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவதைத் திறக்காமல் முதல் வால்வை மூடிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடமே இருக்காது. பல நூறு அடி ஆழத்திலிருந்து தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார் அது. எந்த ஜாயின்ட் பலவீனமோ அது பிய்த்துக்கொள்ளும். அதனால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். அடுத்து மூன்றாவதைத் திறந்துவிட்டு, அதன் பிறகே மற்ற இரண்டையும் மூடுங்கள். சின்னக் குழாயைத் திறந்து உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டால் மெஷினில் கை வைக்கலாம்.

திரும்பக் கொண்டுவரும்போது நிதானம் முக்கியம். மூன்றாவது திறந்திருக்கும்போதே மோட்டாரைப் போடுங்கள். முதல் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, சின்னக் குழாயில் காற்று போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை காத்திருங்கள். பிறகு முதலாவதையும் இரண்டாவதையும் முழுசாகத் திறந்துவிட்டு, கடைசியாக மூன்றாவதையும் சின்னக் குழாயையும் மூடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி வால்வுகள்மேல் பெயின்ட்டில் 1, 2, 3 என்று எழுதிவைப்பது நல்லது.

பைபாஸ் சர்வீஸுக்கு மட்டுமல்ல. போர் மோட்டாரைத் தூக்கி இறக்கிய அன்று தண்ணீர் சேறும் துருவுமாக வரும். அது ரெசினுக்குள் போனால் மணிகளை அடைத்துக்கொள்ளும். தெளியும்வரை பைபாஸில் விடுங்கள். போரில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் அப்படித்தான். குளோரின் ரெசினை அரித்துவிடும்.

பராமரிப்பு ரொம்பச் சின்ன வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேலே சொன்ன வரிசைப்படி, மூன்று வால்வுகளையும் ஒரு தடவை திறந்து மூடுங்கள். மாசக்கணக்கில் மூடியே கிடக்கும் மூன்றாவது வால்வில்தான் உப்பு கட்டிப் பிடித்துக்கொள்ளும். நகரவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், கைப்பிடி உடையும். வால்வையே மாற்றிவிடுவது மேல். 'கொஞ்சம் கலந்து வரட்டும்' என்று பால் வால்வைப் பாதியில் நிறுத்துவதும் வேண்டாம். உள்ளே இருக்கும் சீட் தேய்ந்து, அப்புறம் முழுசாக மூடவே மூடாது.

மெஷினோடு வரும் ரெடிமேட் பைபாஸ் என்றால், உள்ளே ஓ-ரிங் இருக்கும். கசிந்தால் அதை மாற்றி, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். வாஸ்லினோ வண்டி கிரீஸோ தடவினால் ரப்பர் உப்பிவிடும்.

குடிக்கவும் செடிக்கும் தனி லைன் வேண்டும். அதை மெஷினுக்குப் போவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். 600 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுசாக நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 275 மில்லிகிராம் சோடியம் கூடும். பி.பி. இருப்பவர்கள் அதைக் குடிக்க வேண்டாம். மெஷின் கழுவி வெளியேற்றும் உப்புத்தண்ணியைத் தென்னை மரத்துப் பாத்தியில் திருப்பிவிடுவதும் வேண்டாம். மண்ணில் சோடியம் ஏற ஏற, களிமண் இறுகித் தண்ணீர் இறங்காமல் போகும்.