நான் திருவள்ளூர் சார், திருவாரூர் இல்லை!

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் லோக்கலில் ஒரு காலத்தில் ஒரு கண்கொள்ளாக் காட்சி உண்டு. கொருக்குப்பேட்டையில் ஏறும்போது ஒருத்தர் கையில் முழுசாக இருக்கும் 'தினத்தந்தி', எண்ணூர் தாண்டுவதற்குள் நாலு துண்டாகிவிடும். விளையாட்டுப் பக்கம் ஜன்னலோர இளைஞருக்கு, சினிமா எதிர் சீட்டுக்கு, ராசிபலன் நின்றுகொண்டு வருகிறவருக்கு. காசு கொடுத்து வாங்கிய மனுஷன் கையில் மிஞ்சுவது டெண்டர் நோட்டீஸ்!

அவரவருக்கு வேண்டிய பக்கம் அவரவர் கையில். இதைத்தான் 1995-ல் நிக்கோலஸ் நெக்ரோபாண்ட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 'பீயிங் டிஜிட்டல்' என்ற புத்தகத்தில் 'டெய்லி மீ' என்று வர்ணித்தார். ஆளுக்கொரு பேப்பர், எனக்கு வேண்டியது மட்டும் எனக்கு. அவர் அதைக் கம்ப்யூட்டரில் கனவு கண்டார். நம்ம ஆட்கள் மீஞ்சூர் வருவதற்குள் கையாலேயே கிழித்து முடித்திருந்தார்கள்.

இன்றைக்குப் பெட்டி முழுக்க செல்போன். ஆளுக்கொரு நியூஸ் ஆப். "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்த செய்திகள்" என்று அது சத்தியம் செய்கிறது. எங்கள் சிப்காட் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். "உனக்கு உன் ஆப் என்னப்பா செய்யணும்?" அவ்வளவுதான், தயிர்சாதம் ஆறிப் போகிற அளவுக்கு ஆளாளுக்குப் பொரிந்து தள்ளிவிட்டார்கள்.

அக்கவுன்ட்ஸ் நண்பரின் கதை தனி. ஒருநாள் அவர் மாமியார் அந்த போனில் குருப்பெயர்ச்சி பலன் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு தடவை! அடுத்த பத்து நாள் சனி, ராகு, கேது எல்லோரும் வரிசையாக வந்து நண்பரை விசாரித்துவிட்டுப் போனார்கள். "எதைத் தொட்டேன்னு பார்க்குது சார், எதுக்குத் தொட்டேன்னு பார்க்க மாட்டேங்குது" என்றார். விஷயம் இதுதான். நாம் எதைத் திறக்கிறோம், எத்தனை விநாடி நிற்கிறோம், யாருக்கு அனுப்புகிறோம், நம்மை மாதிரி ஆட்கள் எதைப் படித்தார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அது அடுத்த செய்தியைப் பரிமாறுகிறது. பந்தியில் ஒருதரம் பாகற்காய் வாங்கிவிட்டால் வாளியோடு பின்னாலேயே வருகிற கதை. "போதும்" என்று இலையை மறைக்க ஒரு பட்டன் வேண்டும். இருக்கிறது என்கிறார்கள்... ஓரத்தில் மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு!

இந்தப் 'போதும்' பட்டனைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் 'டிக்' என்று ஒரு இணையதளம், 2004-ல் ஆரம்பித்தது. ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்காது. வாசகர்களே ஓட்டுப் போட்டுச் செய்தியை முதல் பக்கத்துக்கு ஏற்றுவார்கள். பிடிக்காததைப் புதைக்கவும் ஒரு பட்டன் உண்டு. 2010 ஆகஸ்டில் நிர்வாகம் எல்லாவற்றையும் மாற்றியது. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் தரும் செய்திதான் இனி உங்கள் முதல் பக்கம், பெயர் 'மை நியூஸ்'. கூடவே அந்தப் புதைக்கிற பட்டனைத் தூக்கிவிட்டார்கள். வாசகர்கள் கொதித்துப் போய், போட்டித் தளமான 'ரெட்டிட்'டின் செய்திகளையே டிக்கின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் போனது போனதுதான். 2012-ல் டிக் கைமாறியபோது பத்திரிகைகள் சொன்ன விலை வெறும் 5 லட்சம் டாலர். கேட்காததைக் கொடுத்து, கையிலிருந்ததைப் பிடுங்கினால் யார் இருப்பார்கள்?

என் சொந்தக் குறைக்கு வருகிறேன். ஆப்பில் 'உங்கள் ஊர்' என்று ஒரு கட்டம். திருவள்ளூர் என்று போட்டேன். கொஞ்ச நாளாக எனக்குத் திருவாரூர் ஆழித்தேரும் சம்பா சாகுபடியும் வந்துகொண்டிருந்தன. தேர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கிறது கும்மிடிப்பூண்டியில் இரும்பு வேலை! சரி, போனே இடத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் இன்னும் வேடிக்கை. ஆரம்பாக்கம் பக்கம் போனால் எல்லை தாண்டிய டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் செய்தி வாசிக்கிறது.

சரியான மாவட்டம் கிடைத்தாலும் தீராது சார். திருவள்ளூர் டவுன் இருப்பது அரக்கோணம் லைனில். கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் லைனில். ரயிலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக சென்னைக்கு வந்து திரும்ப வேண்டும். மாவட்டம் ஒன்று, வாழ்க்கை வேறு. எங்களுக்கு வேண்டியது மாவட்டச் செய்தி இல்லை, 'லைன்' செய்தி. வீடு ஒரு ஊர், வேலை ஒரு ஊர், நடுவில் பாதை. மூன்றையும் நானே குறித்துக் கொடுக்கிற மாதிரி வசதி வேண்டும்.

இது ஏதோ சொகுசுக்குக் கேட்பது என்று நினைத்தால், 2024 அக்டோபர் 11-ஐ நினைத்துப் பாருங்கள். ஆயுதபூஜை. ராத்திரி எட்டரை மணி வாக்கில் கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் கவிழ்ந்தன, பலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லாதது தெய்வச் செயல். அந்த நேரம் என் போன் எனக்காகவே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, முந்தின நாள் ரிலீசான 'வேட்டையன்' வசூல் நிலவரம்!

ரஜினி படம் பிடிக்காதா என்ன? பிடிக்கும். ஆனால் மறுநாள் காலை ஷிப்ட் போகிறவனுக்கு (ஃபர்னஸுக்கு ஏது விஜயதசமி?) அந்த ராத்திரி தெரிய வேண்டியது ரெண்டே விஷயம். தெரிந்தவர் யாராவது அந்த வண்டியில் இருந்தார்களா? காலையில் லோக்கல் ஓடுமா, இல்லை ரெட்ஹில்ஸ் போய் பஸ் பிடிக்கணுமா? பதில் வாட்ஸ்அப்பில் வந்தது, ஆளுக்கொரு பதிலாக. எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர்கள்தான் அதிகம். அந்த மாதிரி நேரத்தில் என் ருசி, என் ரசனை எல்லாம் ஓரம் போகட்டும். என் பாதையில் நடந்தது முதலில் வரட்டும், யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதோடு.

"ஆப் கிட்ட யார்ப்பா கேட்கிறது?" என்றார் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். கேட்டிருக்கிறார்களே! ஐரோப்பிய யூனியனில் 2023 ஆகஸ்டிலிருந்து மிகப் பெரிய தளங்களுக்குச் சட்டமே இருக்கிறது. இன்னாரென்று வாசகரை வேவு பார்த்து வரிசைப்படுத்தாத ஒரு முறையையும் கட்டாயம் கொடுக்க வேண்டும்.  நமக்கும் வந்தால் நல்லதுதான்.

எல்லாமே என் இஷ்டப்படி வந்துவிட்டாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. அந்தக் கிழிந்த பேப்பரில், கிரிக்கெட் ஸ்கோரைத் திருப்பினால் பின்பக்கத்தில் பழவேற்காடு மீனவர் பிரச்னை இருக்கும். பொன்னேரி வர இன்னும் நேரமிருக்கிறதே என்று அதையும் படிப்போம். எனக்கே எனக்கான போனில் பின்பக்கமே கிடையாது. நான் கேட்காத செய்தி தினமும் ரெண்டாவது வரட்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி.

கடைசியாக, கேன்டீனில் தூங்கி வழிந்தபடி உட்கார்ந்திருந்த நைட் ஷிப்ட் ஆபரேட்டர் வாயைத் திறந்தார். "எனக்கு எந்தச் செய்தியும் வேணாம் சார். காலையில பத்து மணிக்கு 'குட்மார்னிங், இன்றைய தலைப்புச் செய்திகள்'னு டிங்குனு அடிக்குது பாருங்க... அப்பதான் கண் அசந்திருப்பேன். என் ஷிப்ட் என்னன்னு ஒரு தடவை கேட்டுக்கிட்டா போதும்."