பீய்ச்சியடிக்கும் வெள்ளரி

துருக்கியில் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் தானாக முளைத்துக் கிடக்கும் ஒரு கொடியினச் செடி, கழுதை வெள்ளரி. கட்டைவிரல் அளவுக் காய். மேலெல்லாம் சொரசொரவென்று முள்மயிர். பழுத்ததும் காம்பிலிருந்து கழன்று, விதைகளையும் சாற்றையும் சில மீட்டர் தூரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்வது நல்லது!

இந்தச் சாற்றைத்தான் அங்குள்ள கிராமத்து மக்கள் சைனஸ் தொல்லைக்கு மூக்கில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். உண்மையிலேயே வீக்கம் வடிகிறதா? துருக்கிய ஆய்வாளர் எர்தெம் யெஷிலாடாவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்து, 1988-இல் முடிவை வெளியிட்டார்கள்.

சோதனை முறை சுவாரசியமானது. சுண்டெலியின் ரத்தத்தில் நீலச் சாயத்தை ஏற்றி, வயிற்றுக்குள் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்துவார்கள். வினிகரில் இருக்கிறதே, அதே அமிலம்தான். அழற்சியால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய, சாயமும் வெளியே வரும். மருந்து கேட்டால், கசியும் நீலம் குறையும். அந்தக் கணக்கை வைத்துச் சாற்றில் அவர்கள் கண்டுபிடித்த பொருள், குக்கர்பிட்டாசின் பி. சில சமயம் நம் வெள்ளரிக்காய் கசந்து தொலைப்பதும் இந்தக் குடும்பத்துப் பொருள்களால்தான்.

ஆனால், எலிக்குக் கேட்டது என்று யாரும் துளிமருந்தைத் தேட வேண்டாம். தண்ணீர் கலக்காத சாற்றை மூக்கில் விட்டு, உள்நாக்கு வீங்கி, மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு ஓடியவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன.