வேலியில் நிற்கும் முதல்

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "காக்கா, எவ்வளவு முதல் வேணும்?" என்பதுதான். சுன்னாகத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இவ்வாரம் ஒரு தொழிலைச் சொல்கிறேன். அதற்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மூலப்பொருளோ நம் வேலியில் நிற்கிறது. பச்சை மரத்தில் கைக்கருவிகளால் செய்யும் வேலைதான் அது.

யாழ்ப்பாணத்து வேலிகளில் பூவரசங் கதியால்களைப் பார்த்திருப்பீர்கள். வேலி வெட்டும்போது குழை தோட்டத்துக்குப் பசளையாகிறது, தடி விறகாகிறது. பூவரசோ உறுதியான, இழை நெருக்கமான மரம். ஹவாய்த் தீவு மக்கள் இதே மரத்தை 'மிலோ' என்பார்கள். உணவின் சுவையைக் கெடுக்காது என்பதால் அதில் கிண்ணங்கள் குடைந்தார்கள். நாம் அதை அடுப்பில் வைக்கிறோம்.

இந்த வேலையை அயலிலுள்ள முதிய தச்சர் ஒருவரிடம் பழகி வருகிறேன். கலப்பையும் மாட்டுவண்டியும் செய்து வாழ்ந்தவர். "வாளை வை தம்பி, கோடாலியாலை பிள" என்பதே அவரது முதல் பாடம். வாள் மரத்தின் நாரை அறுத்துவிடும். பிளந்தால் மரம் நார் வழியே பிரியும். அப்படிச் செய்த பிடி எளிதில் முறியாது.

பச்சையில் ஏன் செய்ய வேண்டும்? புதிதாக வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருப்பதால் அது மெதுவாக இருக்கும். கத்தி இலகுவாக இறங்கும். ஆனால் காயும்போது மரம் சுருங்கும். வளையங்களின் சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவை நோக்கிய சுருக்கத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. முழுத்தடியை அப்படியே விட்டால் வெடிப்பது இதனால்தான். ஆகவே இரண்டாகப் பிளந்து நடுப்பகுதியை நீக்க வேண்டும். நுனிகளில் மெழுகு பூசி, நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். கோடாலிப் பிடியைப் பச்சையில் செதுக்கலாம். ஆனால் நன்றாகக் காய்ந்த பின்பே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடி சுருங்கி இரும்பு கழன்று பறக்கும்.

கைக்கோடாலி, வாச்சி, உளி, வளைந்த கத்தி, கொட்டாப்புளி, அரம் இருந்தால் போதும். கத்தியைப் பழைய வண்டி வில்லுத் தகட்டில் கொல்லரே அடித்துத் தருவார்.

வியாபாரிக்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் உண்டு. ஹை விக்கம் நகருக்கு அருகிலுள்ள பீச் மரக் காடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரு தொழிலாளர் கூட்டம் வேலை செய்தது. அவர்கள் முழுக் கதிரை செய்யவில்லை. பச்சை மரத்தைப் பிளந்து, காலால் மிதிக்கும் கடைசலில் கதிரைக் கால்களை மட்டும் கடைந்து தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். ஒரே பொருள், நிச்சயமான கொள்வனவாளர். நாமும் மண்வெட்டிப் பிடி ஒன்றையே ஒழுங்காகச் செய்தால் கடைக்காரர் வாங்குவார். என் கடைக்கு மண்வெட்டி வாங்க வருவோரை விடப் பிடி தேடி வருவோர் அதிகம்.

இரு எச்சரிக்கைகள். சீமைக்கிளுவையில் உணவுக் கரண்டி செய்யாதீர்கள். அதன் விதையும் பட்டையும் எலிக்கு நஞ்சாகப் பயன்பட்டவை. அடுத்து, வேலித் தடியோடு நில்லுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேறியபோது நம்மவர் கடையையும் சரக்கையும் விட்டுச் சென்றார்கள். தையலும் தச்சும் தெரிந்தவருக்கு அந்தக் கைத்தொழில் போன இடத்திலும் கூடவே இருந்தது. பிள்ளைகளுக்குக் கடைச் சாவியோடு ஒரு கைவேலையும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே வாச்சி பிடிப்பது நமக்குக் குறைவான வேலையல்ல.

அடுத்த முறை வேலி வெட்டும்போது நேரான தடிகள் பத்தை விறகுக் கட்டிலிருந்து பிரித்து வையுங்கள். அயலில் வயதான தச்சர் இருந்தால் அவரிடம் மகனை அனுப்புங்கள். அவர் இருக்கும்போதே அனுப்புங்கள்.