தோட்டாப் பெட்டியும் காப்புரிமையும்

ரைஃபிளின் அடியில் செருகும் மேகசினைப் பிரித்தால் ஒரு கூடு, ஒரு ஸ்பிரிங், அதன் மேல் தோட்டாக்களைத் தாங்கும் தட்டு, அடைக்க ஒரு மூடி. அவ்வளவுதான். ஸ்பிரிங் தட்டை மேலே தள்ளும். கூட்டின் வாயில் உள்பக்கம் மடங்கிய விளிம்புகள் தோட்டா சிதறாமல் பிடித்துக்கொள்ளும். போல்ட் முன்னே வரும்போது மேலே இருக்கும் ஒரு தோட்டாவை மட்டும் தள்ளிக்கொண்டு போகும். கழற்றி மாட்டும் இந்தப் பெட்டிக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நம் போலீஸ்காரர்கள் சுமந்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிளின் பெயரான லீ என்ஃபீல்டில் இருப்பது அவர் பெயர்தான்.

பிறகு வந்தவை பெரும்பாலும் திருத்தங்கள். ஏகே-47 தோட்டா அடி பருத்து நுனி ஒடுங்கியது; அடுக்கினால் வளையும், அதனால் மேகசினும் வளைந்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிளின் மேகசின், மிச்சத் தோட்டா வெளியே தெரியும் பிளாஸ்டிக்.

இப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் 20 ஆண்டு தனியுரிமை கொடுக்கலாமா? இந்தியாவில் இதற்கு அளவுகோல் தந்தது ஒரு பாத்திர வழக்கு. மிர்சாப்பூரில், லேத்தில் கடையும்போது பாத்திரம் பிடியிலிருந்து எகிறி ஆளைத் தாக்கும். அதை அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1951-ல் காப்புரிமை கோரிப் பெற்றது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது: பழைய சாதனத்தில் பட்டறைக்காரர் இயல்பாகச் செய்யும் மேம்பாடு கண்டுபிடிப்பாகாது. தெரிந்த பாகங்களை வெறுமனே இடம் மாற்றி வைப்பதை 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் விலக்குகிறது.

இது சரியான தீர்ப்பு என்பேன். நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷினுக்குச் சல்லடைத் துளையை மாற்றித் தரும் வெல்டிங் பட்டறைக்காரர், அந்தத் துளை யாருடைய சொத்து என்று கேட்டுவிட்டா வேலையில் இறங்க முடியும்?

ஆனால் மாற்றம் சிறியது என்பதாலேயே தள்ளிவிடவும் கூடாது. மேகசினுக்குள் தட்டு சாய்ந்தால் தோட்டா சிக்கும். சிக்கிய துப்பாக்கி, அதை நம்பி நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. கைதேர்ந்தவர்கள் பலர் முயன்றும் தீராத அந்தச் சாய்வை, யாரும் எதிர்பாராத வழியில் ஒருவர் தட்டின் வடிவை மாற்றித் தீர்த்திருந்தால் அவருக்கு உரிமை கொடுக்கத்தான் வேண்டும். வெறும் நிறம், கைப்பிடிக் கோடு, அடிமூடியின் அளவு என்று கேட்டு வருபவருக்கு வேண்டாம். அப்படிப்பட்ட விண்ணப்பத்தை, காப்புரிமை வழங்கப்படும் முன்பே, 25(1) பிரிவின்கீழ் எவரும் எழுத்துமூலம் எதிர்க்கலாம். தென்மாநில விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.