பெரட்டு சில நிமிடம். கூட்டம் மட்டும் மூன்று மணி நேரமா?

கேமரன் மலை - தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்கள் கூடுவார்கள். பெயர் கூப்பிடுவார்கள். இன்று எந்த மலை, யாருக்கு எந்த நிரை, மருந்தடிக்கப் போவது யார் என்று சொல்வார்கள். நின்றபடியே பேச்சு முடிந்துவிடும். பிறகு வேலைதான்.

இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் இதுபோல் தினமும் கூடிப் பேசுகிறார்கள். பல இடங்களில் நின்றுகொண்டே பேசுகிறார்கள். ‘ஸ்க்ரம்’ எனும் பணிமுறை அந்தச் சந்திப்புக்கு 15 நிமிடத்துக்கு மேல் தருவதில்லை.

ஆனால் ஆலயத் திருவிழா, தமிழ்ப்பள்ளி கோத்தோங் ரோயோங் என்று வந்தால் நம் கூட்டம் மூன்று மணி நேரம் போகிறது. புலனத்தில் செய்திகள் குவிகின்றன. கடைசியில் பந்தலுக்கு யார் சொன்னார் என்பது மட்டும் தெரிவதில்லை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மலையேறி வருகிறார்கள். அந்த நாளும் கூட்டத்திலேயே கரைந்தால், அடுத்த ஆண்டு அவர்கள் வருவார்களா?

ஆள் கூடினால் பேச்சும் கூடும்

நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 6 இணைப்புகள். பத்துப் பேர் என்றால் 45. பதினைந்து பேர் என்றால் 105. ஆள் நான்கு மடங்குகூட ஆகவில்லை. பேச்சு பதினேழு மடங்கைத் தாண்டிவிட்டது. தாமதமான வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் தாமதம்தான் கூடும் என்று கணினி வல்லுநர் பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதினார்.

ஆகவே பெரிய செயலவை இருந்தாலும் வேலையை மூன்று, நான்கு பேராகப் பிரித்துக் கொடுங்கள். சமையலுக்கு ஒரு குழு, பந்தலுக்கு ஒரு குழு.

மூன்றே கேள்விகள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே தாளில் மூன்றை எழுதுங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள். பொறுப்பாளர் ஒருவராகவே இருக்கட்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போதும்: முடிந்தது எது, தடைபட்டது எது?

பெரட்டில் நம் முன்னோருக்கு எதிர்த்துக் கேள்வி கேட்க இடமில்லை. அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். ‘என்னால் முடியவில்லை’ என்று தயங்காமல் சொல்பவர்தான் திருவிழாவைக் காப்பாற்றுகிறவர்.

குறைக்கக் கூடாதது

பணக் கணக்கில் மட்டும் சுருக்கம் கூடாது. ரசீதும் வரவு செலவும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுபெற்ற சங்கங்கள் ஆண்டுக் கணக்கைப் பதிவகத்துக்கு அனுப்புவதும் சட்டக் கடமை.

விதி எளிமையாக இருந்தால் பெரிய காரியமும் நடக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி கட்டினால் சேரலாம் என்பது எந்தத் தோட்டத்திலும் ஒரே வரியில் விளங்கியது. மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தானது.

அடுத்த கூட்டத்தில் நாற்காலி போடாமல் பாருங்கள். பேச்சு தானாகக் குறையும்.