முதுமையில் சாகசச் சுற்றுலா: சிங்கப்பூரை முன்வைத்து

பிள்ளைகளைப் பார்க்கவும் ஊர் பார்க்கவும் வெளிநாட்டுப் பெருநகரங்களுக்குப் போகும் அறுபது, எழுபது வயதினர் இன்று தமிழ்க் குடும்பங்களில் ஏராளம். அவர்கள் முதலில் போகும் ஊர் பெரும்பாலும் சிங்கப்பூர்தான். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ நான்கு மணி நேரச் சொச்சத்தில் போய்விடலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பேருந்தும் ரயிலும் முதியோருக்கு வசதியானவை. அந்த நகரத்தில் 165 மீட்டர் உயர ராட்டினம் இருக்கிறது, 57-ஆம் மாடியில் திறந்தவெளித் தளம் இருக்கிறது, காட்டு மரங்களின் உச்சியை ஒட்டித் தொங்குபாலம் இருக்கிறது, கம்பியில் தொங்கியபடி கடற்கரை வரை சறுக்கிப் போகும் ஜிப்லைன் இருக்கிறது.

“இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு?” என்று தடுப்பதும் தவறு, எதையும் யோசிக்காமல் கூட்டிக்கொண்டு போவதும் தவறு. சுற்றுலாவில் முதியவர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் உயரமோ வேகமோ அல்ல. புழுக்கம், குடிக்காமல் விட்ட தண்ணீர், போடாமல் விட்ட மாத்திரை, கவனிக்காமல் விட்ட படி ஆகியவைதான். எது உண்மையான ஆபத்து என்று தெரிந்துகொண்டால், பல சாகசங்களை முதியவர்களும் தாராளமாக அனுபவிக்கலாம்.

உடலில் மாறுவது என்ன?

வயது ஏற ஏற இதயம் எட்டக்கூடிய அதிகபட்சத் துடிப்பு குறைகிறது. இருபது வயதுக்காரருக்குச் சாதாரணமான ஏற்றம் எழுபது வயதில் முழு முயற்சியைக் கேட்பது இதனால்தான். தசையின் அளவும் பலமும் குறைகின்றன. தொடைத் தசை மெலிந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்தவுடன் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் மந்தமாவதால், சிலருக்கு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. தாக உணர்வு தாமதமாகிறது. வியர்வைச் சுரப்பிகளும் முன்போல் வேலை செய்வதில்லை.

சமநிலை தனிக்கதை. கண், உள்காது, பாதங்களின் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மனிதனை நிமிர்த்தி நிறுத்துகின்றன. கண்புரை ஒன்றைக் கெடுக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளைக் கெடுக்கும். இரண்டு பழுதானால் மூன்றாவதால் தனியாகத் தாங்க முடியாது.

புறப்படும் முன்

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே உடலை ஓரளவு அறிந்துகொள்ளலாம். கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு சோதனை. 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று பொருள். சுவருக்குப் பக்கத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டு மாடி ஏறி முடித்ததும் நெஞ்சு இறுகினாலோ பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, டிக்கெட் எடுக்கும் முன் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. பாட்டுப் பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்ற வேகத்தில் நடந்தால் அது மிதமான பயிற்சி. சிங்கப்பூரில் அணியப்போகும் அதே காலணியைப் போட்டுக்கொண்டு இங்கேயே நடந்து பழகிவிடுவது நல்லது. பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கிப் போட்டு, முதல் நாளே கொப்புளம் வந்து, பாதத்தில் உணர்வில்லாத சர்க்கரை நோயாளி அதை மறுநாள்தான் பார்த்தார் என்றால் மீதி நாட்கள் விடுதியறையில்தான் கழியும்.

மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், மூட்டு மாற்று, கண் அறுவை ஆகியவற்றுக்குப் பின் எத்தனை வாரம் கழித்துப் பயணம் செய்யலாம் என்பதைச் சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், அது முழுதும் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே போகும்போது அந்த வாயு விரிந்து பார்வையைப் பறித்துவிடும்.

மருந்துப் பை

மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; பெட்டியில் வைத்து அனுப்பினால், பெட்டி தொலையும் நாளில் மருந்தும் தொலையும். இன்சுலினுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் மாத்திரைக்கு இது பொருட்டல்ல. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் முதல் நாள் அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர் சுற்றும் நாளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு நடப்பதால் சர்க்கரை திடீரென இறங்கும். குளுக்கோஸ் பொட்டலமோ மிட்டாயோ சட்டைப் பையில் இருப்பது அவசியம். பையைத் திறந்து தேடும் நிலையில் அப்போது கை இருக்காது.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத மருந்தைத்தான் சிங்கப்பூருக்குள் எடுத்துப் போகலாம். தூக்க மாத்திரை, டயஸெபாம், கோடீன் கலந்த மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டு கையில் இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதற்குரிய அட்டையை மறக்கக் கூடாது. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். அங்கே மருத்துவமனைச் செலவு மிக அதிகம்.

உயரத்தில் நிற்கும்போது

57-ஆம் மாடியில், ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறையுமோ என்ற பயம் தேவையில்லை. காற்றழுத்தம் இரண்டு விழுக்காடு அளவே குறைகிறது. விரைவான லிஃப்டில் காது அடைக்கும்; எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். அங்கே தலைசுற்றுவதற்குக் காரணம் வேறு. தரையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் சுவரையும் மரத்தையும் வைத்துத்தான் உடலின் சிறு ஆட்டங்களைக் கண் உணர்ந்து திருத்துகிறது. உயரத்தில் பக்கத்தில் எதுவும் இல்லாததால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. உள்காதும் பாதமும் நன்றாக இருந்தால் சமாளித்துவிடும். முதுமையில் அவையும் தளர்ந்திருக்கும்.

கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நிற்பதே பாதித் தலைச்சுற்றலைப் போக்கிவிடும். தொடுவானத்தையோ அருகிலிருக்கும் தூணையோ பார்க்கலாம். கழுத்தை அண்ணாந்து, இரு கைகளாலும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் நேரத்தில்தான் பலர் தள்ளாடுகிறார்கள். படத்தை இன்னொருவர் எடுக்கட்டும்.

சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் மிக மெதுவாகச் சுற்றுகிறது; ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். மூடிய கூண்டு, சமமான தரை, குலுக்கல் கிடையாது. மூட்டுவலிக்காரருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதைவிட நல்ல உயரக் காட்சி அரிது. கூண்டுக்குள் கழிப்பறை இல்லை என்பதையும், மூடிய இடம் என்றால் பதறுபவர்களுக்கு நடுவில் இறங்க வழியில்லை என்பதையும் ஏறும் முன் நினைவில் வைக்க வேண்டும். 1974 முதல் ஓடும் ஃபேபர் மலைக் கேபிள் காரும் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றதே.

பாலம் எளிது, போய்ச் சேர்வது கடினம்

மெக்ரிட்சி காட்டில் உள்ள மரவுச்சித் தொங்குபாலத்தின் நீளம் 250 மீட்டர். மிக உயர்ந்த இடத்தில் அது காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் மேலே இருக்கிறது. படத்தில் பார்த்தால் பாலம்தான் பயமுறுத்தும். உண்மையில் அதை ஐந்து பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். அங்கே போய்ச் சேரக் காட்டுப் பாதையில் சில கிலோமீட்டர் மேடு பள்ளமாக நடக்க வேண்டும். பாலம் ஒருவழிப் பாதை. பாதியில் திரும்ப முடியாது. அக்கரையில் மரப்படிகள் காத்திருக்கும். போய்வர மொத்தம் மூன்று நான்கு மணி நேரம். நடுவில் மயங்கியவரை அழைத்துவர வண்டி வராத இடம் அது. வாரத்தில் பல நாள் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து பழகிய முதியவர் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு இது பொருந்தாது.

அவர்களுக்கு ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம் இருக்கிறது. சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்தில், அலைபோல் நெளியும் மரத்தளம். உட்கார இருக்கைகளும் உண்டு. அதையொட்டித் தெற்கு மலைத்தொடரில் படியே இல்லாத உயர் நடைபாதை காட்டுக்கு நடுவே மெல்லச் சரிந்து போகிறது. அதன் இரும்புச் சல்லடைத் தரைவழியே கீழே காடு தெரியும் என்பதால் சிலருக்குக் கால் கூசும்; பார்வையைப் பாதையில் சற்றுத் தள்ளி முன்னால் வைத்து நடந்தால் போதும். கைத்தடியின் முனை சல்லடையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் 22 மீட்டர் உயரத்தில் இருக்கும் வான்நடைபாதைக்கு லிஃப்ட் வசதி உண்டு.

புழுக்கமே முதல் எதிரி

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பகல் வெப்பம் பெரும்பாலும் 31, 32 டிகிரிதான். சென்னைக்காரருக்கு அது வெயிலாகவே தோன்றாது. அங்கேதான் ஏமாற்றம். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ரத்த அழுத்தத்துக்குப் போடும் நீர் மாத்திரை தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயத்தை வேகமாகத் துடிக்கவிடாது. சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டிய நேரத்தில் இதயம் கட்டுண்டு நிற்கிறது.

இத்துடன் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இதைப் பற்றி வீடுகளில் பேசுவதே இல்லை. கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற தயக்கத்தில், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ப்ராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்கள் நீர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறார்கள். முதல் செயல் மயக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் முடியும். இரண்டாவது, இதயம் பலவீனமானவருக்கு இரவில் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் நிலையங்கள், கடைத்தொகுதிகள், உணவங்காடிகள் என எங்கும் சுத்தமான கழிப்பறை உண்டு. ஒவ்வொரு இடத்திலும் முதலில் கழிப்பறையைக் காட்டிவிட்டால் அம்மாவும் மாமியாரும் தயங்காமல் தண்ணீர் குடிப்பார்கள். நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். இதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில். அப்போது தொடங்கி பத்து மணிக்குள் வெளி நடையை முடித்துவிட்டு, நண்பகலில் அருங்காட்சியகம், கண்ணாடிக் கூடத் தோட்டங்கள் என்று குளிர்ந்த இடங்களில் இருந்துவிட்டு, ஐந்து மணிக்கு மேல் மறுபடி கிளம்புவது நல்ல ஏற்பாடு. 35 மீட்டர் அருவி விழும் கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்தில் லிஃப்டில் மேலே போய் நடைபாதை வழியே இறங்கி வரலாம். சாரலில் தரை நனைந்திருக்கும். வெளிப்புழுக்கத்திலிருந்து வருபவருக்கு உள்ளே குளிரும் என்பதால் ஒரு சால்வை தேவை.

தலைவலி, வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு தெரிந்தால் நிழலில் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ அது வெப்பவாதம். உடலில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

வேக விளையாட்டுகள்

சென்டோசா தீவின் ஜிப்லைன் 450 மீட்டர் நீளமுடையது. தொங்கிப் போகும்போது உடலுக்கு வேலையே இல்லை. இறங்கும் முனையில் நிறுத்தும் குலுக்கலும், இடுப்பையும் தொடையையும் இறுக்கும் பட்டையும்தான் கவனிக்க வேண்டியவை. எலும்புத் தேய்வு முற்றியவருக்கு அந்தக் குலுக்கலே முதுகெலும்பை நசுக்கக்கூடும். குடலிறக்கம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், மார்புப் பட்டை பேஸ்மேக்கர் மேல் படுபவர்களும் தவிர்ப்பது நல்லது.

சரிவுப் பாதையில் உருண்டு இறங்கும் லூஜ் வண்டியில் வேகத்தை ஓட்டுபவரே கட்டுப்படுத்தலாம். ஆனால் அது தரையோடு தரையாக இருப்பதால், மூட்டு மாற்றியவர் அதிலிருந்து எழுவது பெரும்பாடு. மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி முழுதாக நிற்பதில்லை. பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்புறம் தொடும், அந்தக் கணமே உட்கார்ந்துவிட வேண்டும். காற்றில் மிதக்கவைக்கும் உள்ளரங்க விளையாட்டு, தோள்மூட்டு முன்பு விலகியவர்களுக்கு ஆகாது.

வயது மட்டுமே தடையல்ல. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 2014-இல் தம் 90-ஆம் பிறந்தநாளில் பயிற்சியாளருடன் பிணைக்கப்பட்டு வானிலிருந்து குதித்தார். அதே நேரம், கட்டுப்படாத ரத்த அழுத்தமும் அண்மையில் வந்த மாரடைப்பும் ஐம்பது வயதுக்காரருக்கும் தடைதான். கையெழுத்து வாங்கும் படிவத்தில் உள்ள நோய்ப் பட்டியலைப் படித்துப் பார்க்காமல் ஒப்பமிடக் கூடாது.

எஸ்கலேட்டரும் படியும்

சாகசம் என்று யாரும் நினைக்காத எஸ்கலேட்டர் முதியவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது. சிங்கப்பூர் ரயில் நிலையங்களில் அவை வேகமாக ஓடுகின்றன. பெட்டி, சேலை, கைத்தடி இருந்தால் லிஃப்ட்தான் சரி. எல்லா நிலையங்களிலும் உண்டு. இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படியின் விளிம்பு மங்கும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியே பார்க்க வேண்டும், அல்லது தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும். விடுதிக் குளியலறையில் வழுக்காத மிதியடியும் இரவு விளக்கும் கேட்டு வாங்கலாம்.

உதவி தேவைப்படும்போதும் ஊர் திரும்பிய பிறகும்

சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடுதிக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாம் என்று இருக்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதி.

விமானத்தில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. போகும்போதும் வரும்போதும் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடி பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும் போதும். ஊர் திரும்பிய சில வாரங்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் டெங்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகப் போடாமல் பாராசிட்டமால் மட்டும் போடலாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்வார்.